விற்ற படுக்கையைக் கொடுங்கள்

முன்பதிவு டிக்கெட் என்பது பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு ரயில்வே எழுதித் தரும் பத்திரம். பெட்டி எண், பெர்த் எண், பெயர், வயது எல்லாம் அதில் இருக்கும். சென்னையிலிருந்து ஹவுராவுக்கும் டெல்லிக்கும் போகும் ரயில்களின் ஸ்லீப்பர் பெட்டிகளில், முதல் இரவு முடிவதற்குள்ளேயே அந்தப் பத்திரம் செல்லாததாகிவிடுகிறது. தீபாவளிக்கும் சத் பூஜைக்கும் மட்டும் நடந்துகொண்டிருந்த கூத்து இப்போது சாதாரண நாட்களுக்கும் வந்துவிட்டது. இதைக் ‘கூட்ட நெரிசல்’ என்ற ஒற்றைச் சொல்லில் ரயில்வே அமைச்சகம் தட்டிக்கழிப்பதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

எல்.எச்.பி. ஸ்லீப்பர் பெட்டியில் படுக்கைகள் 80. உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ண வேண்டுமானால், முதலில் நடைபாதையில் கால் வைக்க இடம் வேண்டும். வாஷ்பேசினுக்கு அடியில் மூட்டையை அணைத்தபடி ஒருவர் உட்கார்ந்திருப்பார். கழிவறைக் கதவு ஓரத்தில் செய்தித்தாளை விரித்துக் குடும்பமே படுத்திருக்கும். லோயர் பெர்த்தில் கால்மாட்டில் இருவர் உட்கார, டிக்கெட்டுக்கு உரிய அம்மா முழங்காலை மடக்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடப்பார். இரவு பத்து முதல் காலை ஆறு வரை மிடில் பெர்த்தைப் போட்டுக்கொள்ளலாம் என்பது விதி. கீழே உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்தால்தானே அதைப் போடுவது? சர்க்கரை நோயுள்ள முதியவர்கள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இரவில் கழிவறைக்கு எழுந்தால் இருபது பேரைத் தாண்ட வேண்டும், திரும்பி வரும்போது பெர்த் பறிபோயிருக்கும். டெல்லிக்குப் போகிறவர்களுக்கு இது ஓர் இரவுத் தொல்லை இல்லை, இரண்டு இரவுத் தொல்லை.

பெட்டிக்குள் நடக்கும் சண்டையில் ரயில்வே எந்தப் பக்கமும் இல்லை. டிக்கெட் வைத்திருப்பவர் கத்துகிறார், தரையில் இருப்பவர் ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க’ என்கிறார். டி.டி.ஆர். வந்தால் வருவார், வந்தாலும் அந்தக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு பெட்டியின் மறுமுனைக்குப் போக அவராலும் ஆகாது. பல பெட்டிகளை ஒற்றை ஆளாகப் பார்க்கும் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

தரையில் உட்கார்ந்திருப்பவரும் குற்றவாளி இல்லை. திருப்பூரில் பனியன் தைத்துவிட்டு, சென்னையில் கட்டடத்துக்குச் சாரம் கட்டிவிட்டு ஒடிசாவுக்கும் பீகாருக்கும் திரும்பும் தொழிலாளி அவர். கையில் பொதுப் பெட்டி டிக்கெட்டோ, உறுதியாகாத வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோ இருக்கிறது. இரண்டையும் ரயில்வேதான் விற்றது. பொதுப் பெட்டி ஒன்றில் உட்கார இடம் சுமார் நூறு பேருக்கு. அந்த டிக்கெட்டை விற்கவோ எந்த வரம்பும் இல்லை. கேட்பவருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, ஏற முடியாதவர் எங்கே போவார் என்று யோசிக்காத நிர்வாகத்தை வேறு எந்தத் தொழிலிலாவது பொறுத்துக்கொள்வார்களா? நூறு நாற்காலி உள்ள கொட்டகையில் முந்நூறு டிக்கெட் விற்றால் போலீஸ் வந்து இழுத்து மூடும்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 57-ஆவது பிரிவு, ஒவ்வொரு பெட்டியிலும் அதிகபட்சம் எத்தனை பேர் செல்லலாம் என்று நிர்ணயித்து, அந்த எண்ணிக்கையைக் கண்ணில் படும்படி எழுதி வைக்கச் சொல்கிறது. 2025 பிப்ரவரி 15 அன்று புதுடெல்லி ரயில் நிலையத்தில் நெரிசலில் சிக்கி 18 பேர் இறந்த பிறகு, அந்த எண்ணிக்கைக்கு மேல் ஏன் டிக்கெட் விற்கிறீர்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றமே கேட்டது. நீதிமன்றம் கேட்ட கேள்விக்கான பதிலை இன்றுவரை எந்த நடைமேடையிலும் காணோம்.

எத்தனை பேர், யார் யார் என்று பாராமல் ஆட்களை ஏற்றும் இந்த அலட்சியம் ஒரு விபத்துக்குப் பிறகு எப்படி முடியும் என்பதும் நமக்குத் தெரியும். 2023 ஜூன் 2 அன்று, ஒடிசாவின் பாஹாநாகா பஜார் அருகே, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளாகி 290-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பொதுப் பெட்டியில் வந்தவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது. யார், எந்த ஊர் என்று தெரியாமல் புவனேஸ்வர் எய்ம்ஸ் பிணவறையில் மாதக்கணக்கில் கிடந்த 28 உடல்களைக் கேட்டு யாரும் வராததால், அந்த அக்டோபரில் அவற்றைத் தகனம் செய்தார்கள்.

நூறாண்டுக்கு முந்தைய கணக்கு ஒன்றையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1917 செப்டம்பர் 12 அன்று பம்பாயிலிருந்து சென்னைக்கு 13 ரூபாய் 9 அணா கொடுத்து மூன்றாம் வகுப்பில் ஏறிய காந்தி, 22 பேருக்கான பெட்டியில் மேலும் மேலும் ஆட்களை அடைத்ததை எழுதினார். வெள்ளையர் காலத்து ரயில்வே மீதான குற்றப்பத்திரிகை அது. சுதந்திர இந்தியாவில் 1974-இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் போனது. 1977-இல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே, இரண்டாம் வகுப்பின் வெறும் மரப்பலகைப் படுக்கைக்கு மெத்தை போட்டார். ஏழைக்கும் முதுகு உண்டு என்று ஓர் அமைச்சர் கண்டுபிடித்த காலம் அது. இன்று கதை தலைகீழ். பல ரயில்களில் ஸ்லீப்பர் பெட்டிகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மூன்றடுக்கு ஏ.சி. பெட்டிகளைக் கோத்தார்கள். ஏ.சி.க்குப் பணம் கொடுக்க முடியாதவர் மிச்சமிருக்கும் ஸ்லீப்பரிலும் பொதுப் பெட்டியிலும் நெருக்கியடிக்கிறார். பளபளக்கும் வந்தே பாரத் ரயிலில் பொதுப் பெட்டி என்ற பேச்சே கிடையாது. இத்தனைக்கும் நாட்டுக்கே பெட்டி செய்து தரும் தொழிற்சாலை பெரம்பூரில் இருக்கிறது. சென்ட்ரலிலிருந்து கூப்பிடு தூரம்!

வசூலில் மட்டும் குறை வைக்கவில்லை. மூத்த குடிமக்களில் ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம் இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை வரவில்லை. 2025-இல் மட்டும் ஜூலையிலும் டிசம்பரிலும் இரண்டு முறை கட்டணம் ஏறியது. ஆர்.ஏ.சி. பயணியிடம் முழுப் படுக்கைக்கான பணத்தையும் வாங்கிக்கொண்டு, சைடு லோயரில் முன்பின் தெரியாத இன்னொருவரோடு விடிய விடிய உட்கார வைக்கிறார்கள். படுக்கை கிடைக்காமலே இறங்கினாலும் ஒரு பைசா திரும்பாது. இதற்கு நாகரிகமான பெயர் எதுவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

சுத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், அரசின் வாயாலேயே வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கைப்படி, கழிவறையிலும் வாஷ்பேசினிலும் தண்ணீர் இல்லை என்று 2022-23 ஒரே ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புகார்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு, குறித்த நேரத்துக்குள் தீரவில்லை. ஏ.சி. பெட்டிக்காரர்களும் மகிழ வேண்டியதில்லை: போர்த்திக்கொள்ளும் கம்பளி மாதம் ஒரு முறையாவது துவைக்கப்படுகிறது என்று 2024 நவம்பரில் மக்களவையில் பதில் சொன்னார்கள். அந்த ஒரு மாதத்தில் அது எத்தனை பேரின் முகத்தில் பட்டிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாம், தூக்கம் கெடும்.

139-க்கு அழைத்தால், ‘ரயில் மதத்’ செயலியில் எழுதினால், உடனே குறுஞ்செய்தி வருகிறது என்பது உண்மைதான். பெட்டியில் ஒரு மாற்றமும் இல்லாமலே ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று அடுத்த செய்தி வருவதாகப் பயணிகள் குமுறுகிறார்கள். புகார் கொடுத்தவரிடம் கேட்காமல் புகாரை மூடும் உரிமையை அதிகாரிகளுக்கு யார் கொடுத்தது?

2024 ஜூலையில், இரண்டு ஆண்டுகளில் சுமார் பத்தாயிரம் ஏ.சி. அல்லாத பெட்டிகள் தயாராகும் என்று ரயில்வே அறிவித்தது. நல்ல அறிவிப்பு. அவற்றில் எத்தனை, சென்னையிலிருந்து வடக்கே போகும் எந்தெந்த ரயில்களில் இணைந்தன என்பதை ரயில் எண்ணோடு வெளியிட வேண்டும். தொலைதூர ரயில் எதுவும் நான்கு பொதுப் பெட்டிகளுக்குக் குறைவாக ஓடக்கூடாது. கழற்றிய ஸ்லீப்பர் பெட்டிகள் திரும்ப வர வேண்டும். பொதுப் பெட்டி டிக்கெட்டை ரயில்வாரியாக, 57-ஆவது பிரிவு சொல்லும் எண்ணிக்கைக்குள் விற்க வேண்டும். அதற்கு மேல் கூட்டம் சேர்ந்தால் அன்றே சிறப்பு ரயில் விட வேண்டும். தொழிலாளியை லத்தியால் அடித்து இறக்கிவிட்டு ‘நடவடிக்கை எடுத்தோம்’ என்று படம் காட்டுவது இதற்குத் தீர்வாகாது. படுக்கை கொடுக்காத ஆர்.ஏ.சி. பயணிக்குக் கட்டணத்தில் பாதி, விண்ணப்பமோ அலைச்சலோ இல்லாமல் அவர் கணக்குக்குத் திரும்ப வேண்டும். மூத்த குடிமக்கள் சலுகை மீண்டும் வர வேண்டும்.

தமிழ்நாட்டின் மக்களவை உறுப்பினர்கள் 39 பேர். புதிய ரயில், புதிய நிறுத்தம் என்று கேட்டு வாங்கிப் பச்சைக்கொடி அசைப்பதில் இவர்களுக்குள் கட்சி வேறுபாடு இல்லை. வரும் கூட்டத்தொடரில் அமைச்சரிடம் இவர்கள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: சென்னை சென்ட்ரலிலிருந்து கடந்த ஓராண்டில் நாள்தோறும் புறப்பட்ட தொலைதூர ரயில்களில் இருந்த இடம் மொத்தம் எவ்வளவு, அன்றன்று விற்ற டிக்கெட் எவ்வளவு? டிக்கெட் ஒவ்வொன்றும் கணினியில் அச்சாகும்போது, இந்தக் கணக்கு இல்லை என்று சொல்ல ரயில்வேக்கு வழியே கிடையாது.