எரிந்தால்தான் முடி நேராகுமா?

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் பலர் சுருட்டை முடியை மருந்து போட்டு நேராக்கிக் கொள்கிறார்கள். மருந்து தலையில் ஏறியதும் எரிகிறது. "எரிகிறதே!" என்றால், "கொஞ்சம் பொறு, இப்போதுதான் வேலை செய்கிறது" என்று பதில் வரும். தாயிடமிருந்து மகள் கேட்டுப் பழகிய பதில் இது. ஆனால் சுத்தத் தவறு.

மருந்தின் பெயர் 'ரிலாக்ஸர்'. பெயர் சாதுவாகத்தான் இருக்கிறது. உள்ளே இருப்பதோ காஸ்டிக் சோடா; சோப்புக் காய்ச்சுகிறவர்கள் கையாளும் அதே காரம். முடியின் புரதத்தில் கந்தகப் பிணைப்புகள் உண்டு. காரம் அவற்றை உடைத்ததும் சுருள் தளர்ந்துவிடுகிறது. சங்கடம் என்னவென்றால், தோலின் மேற்பரப்பிலும் இருப்பது அதே இனத்துப் புரதம்தான். காரத்துக்குத் தோல் ஏது, முடி ஏது? முடிக்கு நரம்பு கிடையாது, அது எரியாது. ஆகவே, எரிந்தால் தோல் வேகிறது என்றுதான் அர்த்தம்.

'காஸ்டிக் சோடா கலவாதது' என்று அச்சிட்ட டப்பிகளும் விற்பனையாகின்றன. அவற்றில் சுண்ணாம்பையும் குவானிடின் கார்பனேட்டையும் கலந்து பூசுகிறார்கள். எரிச்சல் சற்றுக் குறையலாம். ஆனால் அதுவும் கடுங்காரமே. வெற்றிலையில் சுண்ணாம்பு கூடி நாக்கு வெந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆண்களும் இதற்கு விலக்கல்ல. காஸ்டிக் சோடா, முட்டை, உருளைக்கிழங்கு இவற்றைக் கூழாக்கித் தலையில் அப்பிக்கொண்டு, இளம் வயதில் தாம் பட்ட வேதனையை மால்கம் எக்ஸ் 1965-ல் வெளிவந்த சுயசரிதையில் வர்ணித்திருக்கிறார். வெள்ளையர் முடியைப் போல் ஆக்கிக்கொள்ளத் தம்மைத் தாமே இழிவு செய்துகொண்டதாகவே பின்னாளில் அவர் அதைக் கருதினார்.

இவ்வளவையும் ஏன் பொறுத்தார்கள்? அழகு மோகம் என்று சொல்லித் தள்ளிவிடுவது நியாயமல்ல. சுருட்டை முடியோடு போனால் 'ஒழுங்கில்லை' என்று உத்தியோக ஸ்தலத்திலும் பள்ளிக்கூடத்திலும் முகம் சுளித்தார்கள். முடியின் இயல்பை வைத்துப் பாரபட்சம் காட்டக் கூடாது என்று கலிபோர்னியா ராஜ்யம் சட்டம் செய்ததே 2019-ல்தான்! பிறகுதான் மற்ற ராஜ்யங்கள் பல பின்பற்றின.

எரியும் என்பது கம்பெனிகள் அறியாத ரகசியமுமல்ல. 1970-களின் நடுவிலேயே, சிகாகோவின் ஜான்சன் கம்பெனி தன் ரிலாக்ஸர் டப்பியில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று அமெரிக்க வர்த்தகக் கமிஷன் ஏற்பாடு செய்தது.

புதிய கவலை

2022 அக்டோபரில் வெளியான ஓர் ஆராய்ச்சி விவகாரத்தைப் பெரிதாக்கிவிட்டது. அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தார் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். 378 பேருக்குக் கருப்பைப் புற்றுநோய் கண்டது. முடி நேராக்கும் மருந்தைத் தொடாதவர்களில் 70 வயதுக்குள் இந்நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 1.64, ஓராண்டில் நான்கு தடவைக்கு மேல் உபயோகித்தவர்களில் 4.05. மருந்தை உபயோகித்தவர்களில் சுமார் 60 சதவிகிதம் கறுப்பினத்தவர்.

மருந்துதான் காரணம் என்று இதனால் நிரூபணமாகிவிடவில்லை. ஆனால் தலைத்தோல் வெந்து புண்ணாகியிருந்தால், ரசாயனங்கள் உடலுக்குள் புகுவது அதிகமாகலாம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். எரிச்சலை அலட்சியம் செய்வது சரியல்ல என்பதற்கு இது ஒன்றே போதும். இதன் பிறகு கம்பெனிகள் மீது ஆயிரக்கணக்கான வழக்குகள் குவிந்தன. 2023-ல் மத்திய நீதிமன்றங்களில் இருந்தவற்றைச் சிகாகோவில் ஒன்றாகச் சேர்த்தார்கள். கம்பெனிகள் குற்றச்சாட்டை மறுக்கின்றன.

வழக்கு முடிய எத்தனை வருஷமோ! அதுவரை மருந்தை விட மனமில்லாதவர்கள் சில விஷயங்களைக் கவனித்தே தீர வேண்டும். தலையில் புண்ணோ, சொறிந்த கீறலோ இருந்தால் அன்று மருந்து கூடாது. முதல் நாளே தலைக்குக் குளித்து, சீப்பால் வறண்டுவதும் ஆகாது. தோலின் இயற்கை எண்ணெய் போய்விடும். தலைத்தோல், காது, நெற்றியோரம் எங்கும் வாஸலைன் பூச வேண்டும். புதிதாக வளர்ந்த அடிமுடிக்கு மட்டும் மருந்து போதும். எரிச்சல் கண்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, காரத்தை முறிக்கும் ஷாம்புவைப் போட வேண்டும். கொப்புளம் கிளம்பினாலும், கண்ணில் பட்டாலும் டாக்டரிடம் ஓட வேண்டியதே. கடிகாரத்தில் இன்னும் ஐந்து நிமிஷம் பாக்கி என்று சலூன்காரர் சொல்லக்கூடும். பாதிச் சுருளோடு எழுந்து வந்தால் குடி ஒன்றும் முழுகிவிடாது.