தகர டப்பா வீரர்களும் பாட்டியின் சுருக்குப்பையும்

இணையத்தில் 'சர்வைவல் கிட்' என்று தேடினால் ஒரே படம்தான் திரும்பத் திரும்ப வரும். உள்ளங்கை அளவில் ஒரு தகர டப்பா. உள்ளே தூண்டில் முள் நாலு, கொஞ்சம் நரம்பு, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு காம்பஸ், முயலுக்குக் கண்ணி வைக்க மெல்லிய கம்பி, சுருட்டி வைத்த கம்பி ரம்பம், தீ மூட்ட ஒரு மெக்னீசியத் துண்டு. விலை ஆயிரத்துக்குக் குறையாது. வாங்கியவர்கள் படம் பிடித்துப் போடுவார்கள். கீழே பத்துப் பேர் 'சூப்பர் மச்சி' என்பார்கள்.

இந்த டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கோட்டூர்புரத்தில் பறக்கும் ரயில் ஏறி, எழும்பூர் போய், நெல்லை வண்டி பிடிக்கிற மாணவன் எந்தக் காட்டுக்குப் போகிறான்? வழியில் முயல் கிடைக்காது. கிடைத்துப் பிடித்தாலும் வனத்துறை கேஸ் போடும். திசை தெரியாமல் போனால் டீக்கடையில் கேட்டால் போதும், காம்பஸ் வேண்டாம். தூண்டிலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. கோட்டூர்புரம் பாலத்துக்குக் கீழே அடையாறு ஓடுகிறது, அதில் பிடித்த மீனை டப்பா விற்ற கம்பெனிக்காரரே முதலில் சாப்பிட்டுக் காட்டட்டும் :-)

கிண்டல் போதும். இந்த டப்பா எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் கோளாறு எங்கே என்று புரியும். இரண்டாம் உலகப் போரில் எதிரி நாட்டுக்கு மேலே பறந்த விமானிகளுக்கு பிரிட்டிஷ் ராணுவம் தப்பிக்கும் பொட்டலங்கள் கொடுத்தது. பட்டுத்துணியில் அச்சடித்த வரைபடம், பொத்தானுக்குள் மறைத்த காம்பஸ், சத்து மாத்திரை எல்லாம் அதில் இருந்தன. விழுந்த இடத்தில் யார் கண்ணிலும் படாமல் எல்லையைத் தாண்ட வேண்டும், அதற்காகச் செய்தது. பிறகு எஸ்.ஏ.எஸ். படையில் இருந்த ஜான் வைஸ்மன் 1986-ல் எழுதிய கையேடு இந்த டப்பாவை உலகம் முழுக்கப் பரப்பியது. அதற்கப்புறம் டிஸ்கவரி சேனல் வந்தது. பேர் கிரில்ஸ் வந்தார். 2020-ல் சூப்பர் ஸ்டாரே அவரோடு பந்திப்பூர் காட்டுக்குள் நடந்தார். மிச்சத்தைச் சொல்ல வேண்டுமா?

ஆக, இது மனிதர்களிடமிருந்து ஒளிந்துகொள்ள வேண்டியவனுக்கான பெட்டி. சுற்றிலும் ஆளே இல்லை, இருப்பவனும் எதிரி என்பது அதன் அடிப்படை. நம்மூர் ஆபத்தோ நேர் எதிர். இங்கே சுற்றிலும் ஆயிரம் பேர் இருப்பார்கள், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர், வெளிச்சம், சார்ஜ், சில்லறை, மாத்திரை, கழிப்பறை இல்லாமல் போகும். வராத ஆபத்துக்குக் காசு கொடுத்துத் தயாராகி, நிச்சயம் வருகிற ஆபத்துக்கு வெறுங்கையோடு போகச் சொல்கிறது இந்த வியாபாரம். கோபம் அதன் மேல்தான்.

நிச்சயம் வருகிற ஆபத்து எப்படி இருக்கும் என்பதைக் கோட்டூர்புரம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. 2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிட்டார்கள். இடையில் ஏரிகளும் ஓடைகளும் கொண்டுவந்த வெள்ளம் வேறு. இரவோடு இரவாக அடையாறு கரையைத் தாண்டியது. ஆற்றை ஒட்டிய குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளிலும் வீட்டுவசதி வாரிய வீடுகளிலும் தரைத்தளம் முழுகியது. விடிந்தபோது தெருவில் படகு. இந்த வெள்ளத்தில் மனிதத் தவறின் பங்கு எவ்வளவு என்பதை பின்னால் தணிக்கைத் துறை அறிக்கையே கடுமையாகச் சொன்னது. அது தனிப் பதிவுக்கான விஷயம்.

அன்றைக்கு எது எது நின்றுபோனது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மின்சாரம் போனது. அதன் பின்னாலேயே செல்போன் டவர்கள். அதன் பின்னாலேயே ஏ.டி.எம். மீனம்பாக்கம் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேலேயே பாலம் போட்டுக் கட்டியது, நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானம் விட வேண்டி வந்தது. 1878-ல் தொடங்கிய இந்து பத்திரிகை அன்றைக்குச் சென்னையில் அச்சாகவில்லை, ஊழியர்கள் அச்சகம் போய்ச் சேர முடியாததால். ஊருக்குக் கிளம்பியவர்கள் கோயம்பேட்டிலும் எழும்பூரிலும் அப்படியே உட்கார்ந்தார்கள். இவர்களில் யாருக்கும் கம்பி ரம்பம் தேவைப்படவில்லை. வீட்டு நம்பர் மனப்பாடமாகத் தெரியாமல், செத்துப்போன செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு துண்டுக் காகிதம்.

இன்னும் பொருத்தமான உதாரணம் 2023 டிசம்பர் 17 இரவு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. அதற்கு மேல் தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லியே இல்லை, வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்தது சுமார் 95 செ.மீ. வண்டியில் ஏறக்குறைய 800 பேர். ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் ஸ்டேஷனிலேயே மாட்டிக்கொண்டார்கள், சாலையும் போய்விட்டது. 19-ஆம் தேதிதான் எல்லோரும் வெளியே வந்தார்கள். கர்ப்பிணி ஒருவர் உட்படச் சிலர் ஹெலிகாப்டரில். மற்றவர்கள் வாஞ்சி மணியாச்சி போய், அங்கிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு. இடைப்பட்ட நேரத்தில் சோறு போட்டது யார்? தங்கள் வீடுகளைச் சுற்றியே தண்ணீர் நிற்க, பக்கத்து ஊர்க்காரர்கள் இருந்த அரிசியைப் பொங்கிக் கொண்டுவந்தார்கள். வைஸ்மன் டப்பாவில் இந்த ஊர்க்காரர்களுக்கு இடமில்லை. மனிதன் வந்தால் ஒளிந்துகொள் என்பதுதான் அதன் பாடம்.

அந்த ரயிலில் மாட்டியவரின் கைப்பையில் என்ன இருந்திருக்க வேண்டும்? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பையைக் கட்டினால் தவறாது. அதற்கு மாதிரி வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. பாட்டிகள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையே போதும். வெற்றிலை பாக்கோடு மடித்த நோட்டு, சில்லறை, ஊக்கு, ஒரு துண்டு சுக்கு. எடை இல்லை, குளிக்கும்போது தவிர உடம்பை விட்டுப் பிரியாது. மேல் பெர்த்திலோ டிக்கியிலோ கிடக்கிற பெட்டிக்குள் உள்ளது எதுவும் ஆபத்துக்கு உதவாது என்று பாட்டிக்குத் தெரிந்திருந்தது.

முதலில் காசு. ஜிபே இருக்கிறதே என்பவர்கள் 2016 டிசம்பர் 12-ஐ நினைத்துப் பார்க்கலாம். பணமதிப்பிழப்பு வந்து ஐந்து வாரம், கையில் காசில்லை. அன்றைக்கு வர்தா புயல் வந்து கரண்டையும் டவரையும் சாய்த்தது. கார்டு இயந்திரம் வெறும் பிளாஸ்டிக் ஆனது. எனவே பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாக ஐந்நூறு அறுநூறு. ஒரே ஐந்நூறு ரூபாய்த் தாளாக இருந்தால் பிரயோஜனமில்லை, தண்ணீர் பாட்டில் விற்கிறவரிடம் அன்றைக்குச் சில்லறை இருக்காது.

அடுத்தது காகிதம். வீட்டு எண்கள் நாலு, ரத்த வகை, ஒவ்வாத மருந்து, தினசரி மாத்திரையின் பெயர். கூடவே 112, 108, ரயில்வேக்கு 139, மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077. பென்சிலால் எழுத வேண்டும். ஜெல் பேனா மை தண்ணீர் பட்டதும் ஓடிவிடும், பென்சில் ஓடாது. மருந்துக்கடையில் கொடுக்கிற ஜிப் கவர் இரண்டுக்குள் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டால் முடிந்தது. ஆதார், ரேஷன் கார்டு நகலும் அதிலேயே. 2015 வெள்ளத்துக்குப் பிறகு போன சான்றிதழ்களுக்கு நகல் தரச் சிறப்பு முகாம் நடத்த வேண்டியிருந்தது. பாஸ்போர்ட்டைக் கட்டணமின்றி மாற்றித் தந்தார்கள். 2023 மிக்ஜாம் புயலுக்கு அரசு கொடுத்த 6,000 ரூபாயும் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. வெள்ளம் வடிந்த பிறகுதான் காகிதத்தின் அருமை தெரியும்.

மருந்தில் ஹீரோ ஓ.ஆர்.எஸ். இது அமேசான் காட்டில் கண்டுபிடித்ததல்ல. 1971 வங்கதேசப் போர் அகதிகள் முகாமில், பொங்காவ்னில், காலராவுக்கு சலைன் பாட்டில் தீர்ந்துபோனபோது திலீப் மஹலனாபிஸ் என்ற கொல்கத்தா மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் இறந்த பிறகு 2023-ல்தான் பத்மவிபூஷண் கொடுத்தார்கள். ஒரு பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். டம்ளரில் குத்துமதிப்பாகக் கரைப்பது தப்பு. அட்டைப்பெட்டியில் இனிப்பு பானத்தை ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் விற்பதையும் வாங்கக்கூடாது. அப்படிப் பெயர் வைக்கக்கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவே போட வேண்டியிருந்தது. கூடவே குளோரின் மாத்திரை ஒரு பட்டை. கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டிவிட்டுத்தான் போட வேண்டும், போட்டதும் குடிக்கக்கூடாது, அரைமணி நேரமாவது விட வேண்டும். சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூன்று நாள் மாத்திரை கைப்பையில்தான், பெட்டியில் அல்ல.

இந்த டப்பா பட்டியல்களில் எங்குமே பார்க்க முடியாத ஒன்று சானிட்டரி நாப்கின். பட்டியல் போடுகிறவர்கள் எல்லாம் ஆண்கள் என்பது இதிலேயே தெரியும். தண்ணீரில்லாத பெட்டியில், கதவு சாத்தாத கழிப்பறையோடு ஒன்றரை நாள் என்றால் பெண்களுக்கு அது என்ன பாடு என்று யோசிக்காமல் முயலுக்குக் கண்ணி வைக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நாலு நாப்கின், ஒரு கறுப்பு கவர். ஆண் பிள்ளைகள் பையிலும் இருக்கட்டும், பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு உதவும். ரத்தக் காயத்தில் வைத்து அழுத்திக் கட்டவும் அதைவிடச் சுத்தமான பஞ்சு அந்த நேரத்தில் கிடைக்காது.

மற்றவை சில்லறை. பத்து ரூபாய் விசில் (கத்தினால் ஒரு மணி நேரத்தில் தொண்டை போய்விடும், விசில் போகாது), பென்டார்ச் ஒன்று, ஊக்கு நாலு, பெரிய பாலிதீன் பை இரண்டு. பவர் பேங்க் வேண்டும், ஆனால் மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றாவிட்டால் அது செங்கல். சாப்பிட கடலைமிட்டாய். புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிக்காரர்களுக்கு நன்றி. நீண்ட பயணமென்றால் புளியோதரை, புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்து இரண்டு நாள் கெடாமல் வைத்திருக்கும்.

கத்தி, தீப்பெட்டி, குட்டி அடுப்பு? கூடாது. விமானத்தில் கத்தியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்பது சின்ன விஷயம். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில் என்ன நடந்தது? உள்ளே திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் செத்தார்கள். ரயிலுக்குள் தீ மூட்டும் சாமர்த்தியம் யாருக்கும் வேண்டாம்.

'இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை, தனி ஆள் ஏன் பை கட்ட வேண்டும்' என்று சில தோழர்கள் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஏரியை எப்போது திறப்பது, கரையில் இருப்பவர்களுக்கு எத்தனை மணி நேரம் முன்னால் சொல்வது என்பதற்கு எந்தப் பையும் மாற்றாகாது. மாடி வீட்டுக்காரர் பவர் பேங்க் வாங்கிவிட்டு 'தயாராக இருக்கிறோம்' என்று நிம்மதியாவதும், கீழ்வீட்டுக்காரரிடம் 'நீங்கள் ஏன் தயாராக இல்லை' என்று கேட்பதும் அயோக்கியத்தனம். 2015-க்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். வேலையும் பள்ளிக்கூடமும் இங்கே, வீடு அங்கே. இதைக் கேட்டுச் சண்டை போடத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சண்டை முடிகிற வரைக்கும் ரயிலில் பக்கத்தில் மயங்கிக் கிடக்கிற பெரியவருக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று எந்தச் சித்தாந்தமும் சொல்லவில்லை.

அதனால்தான் எல்லாவற்றையும் இரண்டாக வைக்க வேண்டும். இரண்டு ஓ.ஆர்.எஸ்., இரண்டு மிட்டாய் பாக்கெட், இரண்டு பாலிதீன் பை. கூடுதலாக ஐம்பது ரூபாயும் நூறு கிராமும்தான் ஆகும். மொத்தமும் ஒரு பழைய பென்சில் பாக்ஸ் பையில் அடங்கிவிடும், முந்நூறு ரூபாயைத் தாண்டாது (பவர் பேங்கும் உள்ளே வைக்கிற நோட்டும் கணக்கில் இல்லை). ஐப்பசி பிறந்ததும் ஒருமுறை திறந்து மாத்திரையின் காலாவதித் தேதியையும் டார்ச் செல்லையும் பார்த்துவிட்டு, கடலைமிட்டாயை மட்டும் தின்றுவிட்டுப் புதுசு வைத்தால் போதும்.