கோடீஸ்வரர் மண்டபத்தில் நெசவாளர் கலகம்!



நியூயார்க் நகரத்து நவீன கலை மியூசியம் 2024-ம் ஆண்டு மார்ச் கடைசியிலிருந்து ஜூலை வரை ஒரு கண்காட்சி நடத்திற்று. ஜெர்மன் நாட்டுச் சித்திரக்காரி கேதே கோல்விட்ஸ் வரைந்த படங்களும் செய்த சிற்பங்களும் அங்கே வைக்கப்பட்டன. அந்த அம்மையார் காலமானது 1945-ல். மியூசியம் பிறந்தது 1929-ல். அவரைக் கொண்டாட அதற்கு 95 வருஷம் தேவைப்பட்டது!

பெரிய நகரங்களின் மியூசியங்களில் இன்று பெண் கலைஞர்களைக் கொண்டாடும் கண்காட்சிகள் அடிக்கடி நடக்கின்றன. நடக்கும்போதெல்லாம் ஒரு பேச்சு கிளம்புகிறது: "பெண்களுக்குக் கதவு திறந்துவிட்டது, நியாயம் கிடைத்துவிட்டது." நம் தோழர்களில் சிலர் வேறு பேச்சுப் பேசுகிறார்கள்: "இது பணக்காரர் பொழுதுபோக்கு. மில் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இதில் என்ன வேலை?"

இரண்டு பேச்சும் தப்பு. ஏன் என்று பார்ப்போம்.

யார் இந்த கோல்விட்ஸ்?

1867-ல் பிறந்தவர். அந்நாளில் பெர்லின் கலைக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்கமாட்டார்கள். பெண்களுக்கென்று தனியாக இருந்த பள்ளியில்தான் அவர் சித்திரம் கற்றார். புருஷன் டாக்டர். பெர்லினில் தொழிலாளர் வாழ்ந்த பகுதியில் வைத்தியம் பார்த்தவர். அவரிடம் வந்த தொழிலாளிப் பெண்களின் முகங்களே கோல்விட்ஸின் படங்களில் வந்தன.

1844-ல் சைலீசியா நெசவாளர்கள் பட்டினி தாங்காமல் முதலாளிகளை எதிர்த்து எழுந்தார்கள். அந்தக் கலகத்தை ஆறு படங்களில் கோல்விட்ஸ் வரைந்தார். ஊர்வலத்தில் ஒருத்தி, தூங்கும் குழந்தையை முதுகில் சுமந்து நடக்கிறாள். முதலாளி வீட்டு வாசலில் பெண்கள் கல்லைப் பெயர்த்து எடுக்கிறார்கள். 1898-ல் இதற்குத் தங்கப் பதக்கம் கொடுக்கலாம் என்று நடுவர்கள் சொன்னார்கள். கெய்ஸர் வில்ஹெல்ம் கூடாது என்று மறுத்துவிட்டான்.

அடுத்து 1525-ம் ஆண்டு விவசாயிகள் யுத்தத்தை ஏழு படங்களில் வரைந்தார். மாட்டுக்குப் பதிலாக மனிதர்கள் ஏர் இழுக்கும் படம் அதில் ஒன்று. கையை உயர்த்தி விவசாயிகளைப் போருக்கு ஏவும் பெண்ணின் படம் இன்னொன்று.

நெசவாளியும் உழவனும்! இந்தப் படங்கள் யாருக்குச் சொந்தம் என்று இனியும் கேட்க வேண்டுமா?

அவர் நம் கட்சியில் உறுப்பினராக இருந்தவர் அல்ல. இல்லாததைச் சொல்லிச் சொந்தம் கொண்டாட நமக்கு அவசியமில்லை. ஆனால் தோழர் கார்ல் லீப்னெக்ட் 1919-ல் படுகொலை செய்யப்பட்டபோது, அவர் உடலைச் சுற்றித் தொழிலாளர்கள் குனிந்து அஞ்சலி செலுத்தும் காட்சியை மரத்தில் செதுக்கியவர் அவர்தான். ஹிட்லரைத் தடுக்கக் கம்யூனிஸ்டுகளும் சோஷல் டெமாக்ரட்டுகளும் ஒன்றுபட வேண்டுமென்று கையெழுத்திட்டார். அதற்காக 1933-ல் நாஜிகள் அவரைக் கலை அகாதமியிலிருந்து வெளியேற்றினார்கள்.

"பெண்" என்ற ஒரு சொல் போதுமா?

கதவு மூடித்தான் இருந்தது. அதை மறுப்பார் இல்லை. 1984-ல் இதே நியூயார்க் மியூசியம் உலகக் கலைஞர்களின் கண்காட்சி நடத்தியபோது, 160-க்கும் மேற்பட்டவர்களில் பெண்கள் பதின்மூன்றே பேர்! மறு ஆண்டு, கொரில்லாக் குரங்கு முகமூடி அணிந்த பெண் கலைஞர்கள் நகரத் தெருக்களில் சுவரொட்டி ஒட்டி இந்த அநியாயத்தை அம்பலப்படுத்தினார்கள். கதவு தானாகத் திறக்கவில்லை, தட்டியதால் திறந்தது. அதை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் எந்தப் பெண்ணுக்குத் திறந்தது?

1906-ல் பெர்லினில், வீட்டிலிருந்தே கூலிக்கு உழைக்கும் தொழிலாளரைப் பற்றி ஒரு கண்காட்சி நடந்தது. அதற்கு கோல்விட்ஸ் சுவரொட்டி வரைந்தார். உழைத்து உழைத்துக் களைத்த ஒரு பெண்ணின் முகம், அவ்வளவுதான். அந்தப் படத்தை எடுத்தால்தான் கண்காட்சிக்கு வருவேன் என்றாள் சக்கரவர்த்தினி. வரைந்தவள் பெண். படத்தில் இருந்தவள் பெண். எடுக்கச் சொன்னவளும் பெண்!

நியூயார்க் மியூசியத்தை ஆரம்பித்தவர்களும் மூன்று பெண்கள்தான். அவர்களில் ஒருவர் ராக்ஃபெல்லர் வீட்டு மருமகள் ஆப்பி. 1914 ஏப்ரல் 20-ந் தேதி, கொலராடோவில் லட்லோ என்ற இடத்தில், வேலை நிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடாரங்களுக்குத் தீ வைக்கப்பட்டது. கூடாரத்தின் அடியில் குழியில் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மூச்சு முட்டிச் செத்தார்கள். அந்தச் சுரங்கக் கம்பெனி ராக்ஃபெல்லர் கையில் இருந்தது. அந்த இரண்டு பெண்களும் பெண்கள் இல்லையா?

வாசலில் நிற்பவர் யார்?

கோல்விட்ஸின் படங்களை மியூசியம் மறைக்கவில்லை. கலகத்தையும் யுத்தத்தையும் சுவரில் மாட்டத்தான் செய்தது. பின்னே என்ன குறை?

அப்போது நுழைவுச் சீட்டு 30 டாலர்! 2024-ல் நியூயார்க் நகரத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16 டாலர். தறிக்காரனின் படத்தைப் பார்க்கக் கூலிக்காரி ஏறக்குறைய இரண்டு மணி உழைப்பைக் கொடுக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் உள்ளூர்வாசிகளுக்கு இலவசம் இருந்தது. அது சலுகை, உரிமை அல்ல.

2000-ம் ஆண்டில் அந்த மியூசியத்தின் ஊழியர்கள் நான்கு மாதத்துக்கு மேல் வேலை நிறுத்தம் செய்தார்கள். 2020-ல் கொரோனா வந்ததும், மக்களுக்குப் படங்களை விளக்கிச் சொல்லிவந்த ஆசிரியர்களின் ஒப்பந்தங்களை ஒரு மின்னஞ்சலில் முடித்தது நிர்வாகம். செத்துப்போன கலகக்காரிக்கு மாலை. உயிரோடிருக்கும் உழைப்பாளிக்கு வாசல்!

நாம் என்ன செய்வது?

கோல்விட்ஸ் பெரும்பாலும் அச்சுச் சித்திரங்களே செய்தார். ஒரு படத்தைப் பல பிரதிகள் எடுக்கலாம். குறைந்த விலையில் பலர் கைக்குப் போகும். மண்டபத்தில் பூட்டி வைப்பதற்காக அவர் செய்யவில்லை. சீன எழுத்தாளர் லூசுன் 1936-ல், நோயில் கிடந்தபோதும், இந்தப் படங்களைத் தொகுத்து ஷாங்காயில் புத்தகமாக வெளியிட்டார். சீனத்து இளம் கலைஞர்கள் அதைப் பார்த்துக் கற்றார்கள்.

நாமும் அதைச் செய்யலாம். அவர் காலமாகி 60 ஆண்டு கடந்துவிட்டதால், இந்தியச் சட்டப்படி அவர் படங்களுக்குப் பதிப்புரிமை முடிந்து போயிற்று. யாரையும் கேட்க வேண்டாம். யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். ஊர்வலத்தில் குழந்தையைச் சுமக்கும் தாயை மில் கேட்டின் எதிரே ஒட்டுங்கள். ஏர் இழுக்கும் மனிதர்களை விவசாயிகள் சங்க ஆபீஸ் சுவரில் மாட்டுங்கள். வாசகசாலையில் பெண்களைக் கூட்டி, படத்தைக் காட்டிப் பேசச் சொல்லுங்கள்.

பெண் கலைஞரைக் கொண்டாடுவோம். அவர் யாருக்காக வரைந்தாரோ அவர்களோடு சேர்த்துக் கொண்டாடுவோம். கோல்விட்ஸ் நம்முடையவர். நம் சுவருக்கு அவரை அழைத்து வருவோம்!