கம்பியில்லாக் கதவுக்கும் பூட்டு வேண்டும்



அண்மையில் ஆயர் தாவாரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டத்து லயத்தை விட்டு வந்து சொந்த வீடு வாங்கிய குடும்பம். மூத்த பெண் பல்கலைக்கழகத்துக்கு மனுச் செய்ய உட்கார்ந்திருக்கிறாள். மறுநாள் கடைசி நாள். பக்கம் திறந்தபாடில்லை.

"மாதா மாதம் காசு கட்டுறோம் அக்கா, அவசரத்துக்கு உதவ மாட்டேங்குதே!" என்று தாயார் கண் கலங்கினார்.

வைஃபை பெட்டி எங்கே என்று தேடினேன். கூடத்து மூலையில் இரும்பு அலமாரிக்குப் பின்னால், தூசு படாமல் துணி போட்டு மூடியிருந்தார்கள்! பெண் படிப்பதோ பின்கட்டில், தகரம் அடைத்த அறையில்.

இந்தப் பெட்டி ஒரு சின்ன வானொலி நிலையம். இரும்பும் தகரமும் அதன் அலையை மறிக்கும். செங்கல் சுவர் தளர்த்தும். மீன் தொட்டித் தண்ணீர்கூட உறிஞ்சிவிடும். ஆகவே வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். துணி போட்டால் சூடேறும். அதில் இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். பின்கட்டு அறைக்கு முதலாவதே ஏற்றது. இடி மின்னல் வந்தால் மின்சாரப் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

பெட்டியை இடம் மாற்றியும் முழு வேகம் வரவில்லை. உள்ளே யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பட்டியலைத் திறந்தோம். வீட்டில் இருப்பது ஐந்து கைப்பேசி. பட்டியலிலோ பதினான்கு! கடவுச்சொல் 12345678. தெருவுக்கே தெரியும். லயத்துப் பொதுக் குழாயில் பதினான்கு வாளி வைத்தால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தானே வரும்?

உப்புக்கும் மிளகாய்க்கும் கதவு தட்டி வாழ்ந்தவர்கள் நாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல மனம் வராதுதான். ஆனால் முன்பின் தெரியாத ஒருவன் உங்கள் இணைப்பில் நுழைந்து தவறு செய்தால், விசாரணை வந்து நிற்பது உங்கள் வாசலில். பல பெட்டிகளில் 'விருந்தினர் இணைப்பு' என்று தனியாக உண்டு. நம்பிக்கையானவர்களுக்கு அதைக் கொடுங்கள்.

பூட்டையும் கவனியுங்கள். டபிள்யூ.இ.பி. என்ற பழைய பூட்டு 2001-லேயே உடைபட்டது. டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 2018-ல் வந்த டபிள்யூ.பி.ஏ. 3 என்பதையே தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல் 12 எழுத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பிறந்த தேதியும் அடையாள அட்டை எண்ணும் வேண்டாம். பெட்டிக்குள் நுழைந்து மாற்றங்கள் செய்வதற்கென்று வேறொரு கடவுச்சொல் உண்டு. அதையும் மாற்றுங்கள். 2016-ல் 'மிராய்' என்ற தீய நிரல், தொழிற்சாலையில் வைத்த சொல்லை மாற்றாத பெட்டிகளிலும் கேமராக்களிலும் லட்சக்கணக்கில் புகுந்து, அமெரிக்காவின் பெரிய இணையத் தளங்களையே முடக்கியது.

ஒன்று சொல்வேன். வைஃபைக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும், தொலைபேசியில் இனிக்கப் பேசுபவனிடம் வங்கி எண்ணைச் சொன்னால் பயனில்லை. அப்படி ஏமாந்து பணம் போய்விட்டால், வெட்கப்படாமல் உடனே 997-ஐ அழையுங்கள்.

அன்றிரவு புதிய கடவுச்சொல்லோடு அந்தப் பெண்ணின் மனு போய்ச் சேர்ந்தது. தாயார் காப்பி கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுப் பையன் எட்டிப் பார்த்து, "அக்கா, லைன் கட்டாயிருச்சே!" என்றான்.

விருந்தினர் இணைப்பின் சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அந்தப் பெண்ணே அவன் கையில் கொடுத்தாள்.