விலைவாசியும் பத்து வட்டியும்

ஆனி மாதம் பிறந்தால் தென்காசிக்குச் சாரல் வரும். குற்றாலத்தில் பேரருவியும் ஐந்தருவியும் கொட்டத் தொடங்கும். வெளியூர் மக்கள் வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். விடுதிகள் நிரம்பும். ஓட்டலில் இடம் கிடைக்காது. சீசன் என்றால் ஊருக்கே கொண்டாட்டம்தான்.

அதே ஊரில் வாடகை வீட்டில் குடியிருக்கும் ஏழைக் குடும்பங்களும் இருக்கின்றன. ஆட்டோ ஓட்டுகிறவர், ஓட்டலில் மாவு அரைக்கிறவர், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்து விடுகிறவர், தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் தாய்மார்கள் என்று பலர். இவர்களுக்கு முதல் தேதிச் சம்பளம் கிடையாது. வேலை இருந்தால் காசு, இல்லாவிட்டால் இல்லை.

சீசனும் எல்லா ஆண்டும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2020-லும் 2021-லும் கொரோனாவால் அருவிகள் மாதக் கணக்கில் பூட்டிக் கிடந்தன. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு மாணவர் உயிரிழந்தார். அருவிகளில் குளிக்கத் தடை வந்தது. தடை போட்டது நியாயமே. ஆனால் அருவி மூடிய நாளில் அந்தத் தொழிலாளியின் வீட்டு அடுப்பு என்ன ஆகும்? அதையும் நினைக்க வேண்டும்.

விலை ஏறுகிறது, கூலி ஏறவில்லை

தென்காசிக்குப் பக்கத்தில் பாவூர்சத்திரம் இருக்கிறது. பெரிய காய்கறிச் சந்தை. சுற்று வட்டாரத்துத் தோட்டங்களில் விளையும் காய் அங்கே வந்து சேர்கிறது. அங்கிருந்து செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்கு லாரிகளில் போகிறது. ஓணம் நெருங்கினால் அந்தப் பக்கம் கிராக்கி கூடும். உடனே இங்கே விலை ஏறும். காய் விளைகிற ஊரிலேயே காய் வாங்க முடியாத நிலை!

விவசாயிக்கு நாலு காசு கூடக் கிடைத்தால் நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் காய் விலை ஏறிய வாரத்தில் பீடி சுற்றும் கூலி ஏறுவதில்லை. ஓட்டல் கூலியும் ஏறுவதில்லை. சங்கடம் அங்கேதான்.

2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சமையல் எரிவாயுவைப் பாருங்கள். 2020 நவம்பரில் சென்னையில் ஒரு சிலிண்டர் 610 ரூபாய். 2023 மார்ச்சில் அது 1,118 ரூபாயைத் தாண்டியது. பிறகு அரசு விலையைக் குறைத்தது உண்மை. ஆனால் இடையில் இருந்த மாதங்களில் ஏழைக் குடும்பம் அந்தப் பணத்துக்கு எங்கே போயிருக்கும்?

துண்டு விழுந்தால்?

வரவுக்கும் செலவுக்கும் நடுவே துண்டு விழுந்தால் முதலில் மளிகைக் கடையில் பற்று வைக்கிறோம். அடுத்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் கைமாற்று கேட்கிறோம். இன்று அவர் நமக்கு ஒரு படி அரிசி கொடுப்பார். அடுத்த வாரம் நாம் அவருக்குத் திருப்பிக் கொடுப்போம். நம் தெருக்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் பிழைத்து வந்திருக்கின்றன.

ஒரு வீட்டில் காய்ச்சல் வந்தால் இந்த வழி உதவும். விலைவாசி உயர்வு அப்படி அல்ல. அது தெரு முழுவதையும் ஒரே நாளில் பிடிக்கிறது. நமக்குத் துண்டு விழும்போது பக்கத்து வீட்டுக்கும் துண்டு விழுகிறது. கடைக்காரரும் மொத்த வியாபாரிக்குக் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது; பற்றுக் கொடுக்க அவராலும் முடியவில்லை. கைமாற்று நின்று போகிறது. அந்த நேரம் பார்த்து வட்டிக்காரர் வீட்டு வாசலுக்கு வருகிறார்.

அவர் கடுதாசி கேட்பதில்லை. நாளைக்கு வா என்று சொல்வதில்லை. ஐந்து நிமிஷத்தில் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். கஷ்டத்தில் இருப்பவருக்கு அவர் தெய்வம் போலத் தெரிகிறார். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

நீங்களே கணக்குப் போடுங்கள்

பத்து வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். 10,000 ரூபாய் வாங்கினால் மாதம் 1,000 ரூபாய் வட்டி. முதல் மாத வட்டியை முன்னாலேயே பிடித்துக்கொண்டால் கையில் வருவது 9,000 ரூபாய்தான். ஓர் ஆண்டில் கட்டும் வட்டி 12,000 ரூபாய். வாங்கியதைவிட அதிகம் கட்டியாயிற்று. ஆனால் முதல் 10,000 அப்படியே நிற்கிறது!

இதே பணத்தை மகளிர் குழுவில் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கினால் ஆண்டு வட்டி 1,200 ரூபாய். அங்கே 12,000, இங்கே 1,200. தக்காளி விலை ஏறினால் நாலு வாரத்தில் இறங்கிவிடும். பத்து வட்டி இறங்குவதே இல்லை.

மறக்க முடியாத நாள்

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு பச்சைக் குழந்தைகளோடும் அங்கே வந்தார். கந்து வட்டிக் கொடுமை என்று அவர்கள் முன்பே மனுக் கொடுத்திருந்தார்கள். அன்று அந்தக் குடும்பம் தீயில் கருகியது. நால்வரும் மாண்டு போனார்கள்.

சட்டம் இல்லாததால் நடந்த கொடுமை அல்ல இது. 2003-லேயே தமிழ்நாட்டில் கந்து வட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதன்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. கடன் வசூல் என்ற பெயரில் மிரட்டுவோரைத் தண்டிக்க 2025-ல் இன்னொரு சட்டமும் வந்தது. ஏட்டில் இருக்கும் சட்டம் ஏழையின் வாசலுக்கு வர வேண்டும். மனுவை வாங்கி வைத்தால் போதாது. அன்றே போலீஸ் விசாரிக்க வேண்டும்.

2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டம். மனுக் கொடுக்க நெல்லைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. கிட்டே வந்த அலுவலகம் காதையும் கிட்டே கொண்டு வர வேண்டும்.

நாம் செய்யக் கூடியது

1844-ல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களுமாக 28 பேர் ஒன்று கூடினார்கள். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து ஒரு சிறு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை விற்றார்கள். கடன் கிடையாது, ரொக்கம்தான் என்று சட்டம் வைத்தார்கள். கூட்டுறவு இயக்கம் உலகமெங்கும் பரவ அந்தக் கடை வழிகாட்டியது. 1904-ல் சென்னை திருவல்லிக்கேணியிலும் ஒரு கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 1989-ல் தர்மபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. இன்று அவை தமிழ்நாடு முழுவதும் இருக்கின்றன.

தாய்மார்களே! உங்கள் குழுவின் சேமிப்பில் ஒரு பகுதியை அவசர நிதியாகத் தனியே வையுங்கள். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்துக்கும், வேலை இல்லாத மாதத்துக்கும் அது கை கொடுக்கும். ரேஷனில் அரிசியோடு பருப்பும் பாமாயிலும் உரிய நாளில் வாங்கிவிடுங்கள். நகையை அடகு வைக்க வேண்டி வந்தால் கூட்டுறவு வங்கிக்குப் போங்கள். எழுதாத வெற்றுப் பத்திரத்தில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். மிரட்டல் வந்தால் மறைக்காதீர்கள். குழுவோடு சேர்ந்து போய்ப் புகார் கொடுங்கள்.

வங்கிகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ஏழை கேட்பது ஐயாயிரம், பத்தாயிரம். அதற்குப் பத்துத் தடவை நடக்க விட்டால் அவர் பத்து வட்டிக்குத்தான் போவார். ஒரே நாளில் கடன் கொடுக்க வழி செய்யுங்கள்.

மாசி மாதம் தென்காசியில் தேர் ஓடுகிறது. ஊர் கூடி வடம் பிடிக்கிறது. விலைவாசி என்ற சுமையையும் தனி வீடு தாங்காது. தெரு சேர்ந்தால் தாங்கும்.