மூக்கால் தேடும் பூ

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிணற்றடிக்குப் போனபோது, யாரோ பக்கத்தில் பலாப்பழத்தைப் பிளந்து வைத்த மாதிரி மணம் வந்தது. வீட்டில் பலாப்பழம் கிடையாது. மனோரஞ்சிதம் பூத்துவிட்டது. இனி அதைத் தேட வேண்டும். ஒவ்வொரு கொப்பாக விலக்கி, இலையைப் புரட்டி, குனிந்து, அண்ணாந்து பார்க்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து, முகத்துக்கு நேரே ஒன்று தொங்குவது தெரிந்தது. முதலில் பார்த்த கொப்புதான் அது.

தெரியாமல் போனதற்குக் காரணம் நிறம். தடித்த ஆறு இதழ்களும் இலையின் பச்சையிலேயே பிறக்கின்றன. விரிந்த அன்றைக்கு முகர்ந்தால் ஒன்றும் இருக்காது. நாள் போகப் போகப் பச்சை வெளிறி மஞ்சள் ஏறும். அப்போதுதான் மணம் கிளம்பும். "பச்சையில பறிச்சா அது இலைடீ, பழுத்தாத்தான் பூ" என்பார் அம்மாச்சி. பூ பழுப்பது என்ற பேச்சை வேறு எந்தப் பூவுக்கும் நான் கேட்டதில்லை. மஞ்சள் ஏறிய பூவைத் துணிப்பெட்டியில் சேலை மடிப்புக்குள் வைப்பார். மறுநாள் பெட்டியைத் திறந்தால் வீடே திரும்பிப் பார்க்கும்.

மனதில் எந்தப் பழத்தை நினைக்கிறோமோ அந்த மணம் வரும் என்று மனோரஞ்சிதத்தைப் பற்றிச் சொல்வார்கள். சிறு வயதில் கண்ணை மூடிக்கொண்டு மாம்பழம், அன்னாசி என்று மாறி மாறி நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வந்தது. இந்தப் பூவின் வாசனையில் இருப்பவை எஸ்டர் வகைச் சேர்மங்கள். வாழைக்கும் அன்னாசிக்கும் பழ மணம் தருபவையும் அவற்றின் சொந்தக்காரர்களே. ஆகவே மூக்கு ஏமாறவில்லை. இன்னொரு உறவும் உண்டு: சீத்தாவும் மனோரஞ்சிதமும் ஒரே குடும்பம். சீத்தா மரத்தடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். தடித்த மூன்று இதழோடு பச்சைப் பூ தலைகீழாகத் தொங்கும். வீட்டில் மரத்தை வைத்துக்கொண்டு வருஷம் தவறாமல் பழம் தின்கிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பூவைப் பார்த்திருப்பார்கள்?

பச்சையாகப் பூப்பது ஏன் இத்தனை அபூர்வம் என்று கேட்டால், மொட்டிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலான பூக்கள் மொட்டாக இருக்கும்போது இதழில் பச்சையம் உண்டு. விரிய விரிய அது கரைந்து, சிவப்போ மஞ்சளோ வெள்ளையோ மேலே வருகிறது. பூச்சிக்குத் தெரிய வேண்டும் என்பதற்குத்தான் இவ்வளவும். தேனீயின் கண் புற ஊதா, நீலம், பச்சை என்ற மூன்றைக் கொண்டு உலகத்தைப் பார்க்கிறது. இலைக்கூட்டத்தில் இருந்து விலகித் தெரிகிற பூவுக்குத்தான் அது வந்து சேரும். காற்றை நம்பும் புல்லுக்கும் சோளத்துக்கும் அந்தக் கவலை இல்லை. மனோரஞ்சிதம் பிடித்தது மூன்றாவது வழி, மணம். இதழ்களின் அடிப்பகுதி குறுகி, உள்ளே ஒரு சின்னக் கூடாரம் மாதிரி கவிந்திருக்கும். மகரந்தமும் சூலகமும் அதற்குள். இந்தக் குடும்பத்துப் பூக்களைத் தேடி வருபவை பெரும்பாலும் சிறு வண்டுகள். மணத்தைப் பிடித்து வருகிற வண்டுக்கு நிறத்தைப் பற்றி என்ன?

இரவு ராணியும் அப்படித்தான். பச்சை கலந்த வெள்ளையில் மெல்லிய குழாய் குழாயாகப் பூக்கும். பகலில் அதைப் பூ என்று யாரும் எண்ண மாட்டார்கள். எட்டு மணிக்கு மேல் தெருமுனை வரை மணக்கும். வைப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அதன் காய் விஷம். குழந்தைகள், ஆடு மாடு நடமாடும் இடத்தில் வேண்டாம்.

போன வருஷம் நர்சரியில் ஒரு பச்சை ரோஜாவைக் கண்டேன். "அக்கா, மொட்டுன்னு நெனச்சு காத்திருக்காதீங்க, இதான் பூ" என்றார் அங்கிருந்த தம்பி. இரண்டு செடி வாங்கி வந்தேன். இது சீன ரோஜாவில் தோன்றிய ஒரு மாற்றம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்துவிட்டது. அடுக்கடுக்காக இருப்பதை இதழ் என்றுதான் முதலில் நினைப்போம். விரலால் பிரித்துப் பார்த்தால் எல்லாமே புல்லி, அதாவது மொட்டைப் பொதிந்திருக்கும் பச்சை உறை. இதழ் இல்லை, மகரந்தம் இல்லை, சூலகம் இல்லை. ரோஜா மணமும் இல்லை. கசக்கினால் லேசாக மிளகு நெடி. விதை பிடிக்காது. அப்படியென்றால் உலகத்தில் இன்று இருக்கும் பச்சை ரோஜாச் செடிகள் எல்லாம் ஒன்றிலிருந்து வெட்டி, அதிலிருந்து வெட்டி, கைமாறி வந்தவை. நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக மனிதர்கள் ஒரு செடியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். என் மொட்டைமாடித் தொட்டியில் இருப்பதும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி என்று நினைக்கும்போது தண்ணீர் ஊற்றும் கை கொஞ்சம் நிதானமாகிறது.

பூவின் உறுப்பெல்லாம் இலையின் மறு உருவமே என்று ஜெர்மன் கவிஞர் கதே 1790-இல் ஒரு சிறு நூலே எழுதினார். எந்த மரபணு இலையை இதழாக்குகிறது, எது மகரந்தமாக்குகிறது என்று ஆய்வுக்கூடத்தில் துலங்க இன்னும் இருநூறு வருஷம் ஆயிற்று. அந்த மரபணுக்களின் வேலை தடைப்பட்டால் பூ, இலைப்பக்கம் திரும்புகிறது. பச்சை ரோஜா அந்தத் திரும்பும் வழியில் புல்லியோடு நின்றுவிட்டது.

வளர்ப்பதில் சிரமம் கிடையாது. பதினான்கு அங்குலத் தொட்டி, செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும், அரை நாள் வெயில். பூ வாரக்கணக்கில் செடியிலேயே நிற்கும், வயதானால் ஓரத்தில் செம்பு நிறம் ஏறும். கவாத்து செய்த குச்சியைப் பென்சில் கனத்தில் நட்டால் துளிர்க்கும்.

இந்தப் பச்சை ரோஜாவைப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்து வீட்டு மதினி ஓடி வந்தார். "எங்க வீட்டு நித்தியகல்யாணியும் பச்சையா பூத்திருக்கு, வந்து பாரு." போய்ப் பார்த்தேன். உண்மைதான். ஊதாப் பூ வரவேண்டிய இடத்தில் சின்னச் சின்னப் பச்சை இலைக்கொத்து, பக்கக் கிளைகள் துடைப்பம் மாதிரி. மதினியின் முகத்தில் அத்தனை சந்தோஷம். அதைப் பிடுங்கிவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை. ஆனால் அது நோய். பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் செடியின் சாறு ஓடும் குழாய்க்குள் குடியேறிப் பூவை இலையாக்குகிறது. எள் வயலில் பூ எல்லாம் இலையாகிக் காயே பிடிக்காமல் போவதும் இந்தக் கூட்டத்தின் வேலைதான். ஒரு செடியில் சாறு உறிஞ்சி அடுத்த செடிக்குப் போகும் தத்துப்பூச்சி இதைச் சுமந்து செல்கிறது. வெகுகாலம் வைரஸ் என்றே நினைத்திருந்தார்கள். 1967-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள்தான் இது வேறொன்று என்று கண்டார்கள். பூ இலையானால் செடி முதுமையை மறந்து துளிர்த்துக்கொண்டே இருக்கும், பூச்சிக்குப் பிடித்த இளந்தளிர் ஓயாமல் கிடைக்கும். நோய்க்குப் பரவ வழியும் கிடைக்கும்.

இரண்டும் பச்சைப் பூ. ரோஜாவின் பச்சை அதன் பிறவி, பக்கத்துச் செடிக்குத் தாவாது. நித்தியகல்யாணியின் பச்சை நேற்று வந்தது, நாளை பக்கத்துத் தொட்டிக்குப் போகும். நிறமாகவே பூத்துக்கொண்டிருந்த செடி திடீரென்று பச்சையானால் மகிழ்வதற்கு முன் வேரோடு எடுத்துவிடுங்கள். மதினி கேட்டுக்கொண்டார், மறுநாள் காலையில் எடுத்தார். அந்தக் காலித் தொட்டியை இரண்டு நாள் என்னால் பார்க்க முடியவில்லை.

அவருக்கு மனோரஞ்சிதம் கொடுக்கலாம் என்று சொன்னதும் தயங்கினார். பாம்பு வருமாம். தாழம்பூவுக்கும் இதையே சொல்வார்கள். பாம்பு எலியையும் தவளையையும் தேடி வருகிறது. அடியில் சருகும் உடைந்த ஓடும் குவிந்திருந்தால் தங்கிவிடுகிறது. எங்கள் கொடியடியை வாரம் ஒருமுறை கூட்டிவிடுகிறேன். அம்மாச்சி காலத்திலிருந்து ஒரு பாம்பையும் அங்கே கண்டதில்லை. இந்தப் பயத்தால் எத்தனை கொல்லைகளில் நல்ல கொடிகளை வெட்டியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

மதினி நேற்றுத்தான் சம்மதித்தார். தாழ்ந்த கொப்பு ஒன்றை வளைத்து, பட்டையைக் கொஞ்சம் சீவி, மண்ணில் பதியம் போட்டு மேலே ஒரு கல் வைத்திருக்கிறேன். இந்தக் கொடிக்குப் பந்தல் கட்டிவிட்டால் போதும், பூக்காம்பே கொக்கி மாதிரி வளைந்து கிடைத்ததைப் பற்றிக்கொள்ளும். வேர் பிடிக்க மாதங்கள் ஆகும், பூக்க இன்னும் சில வருஷம். சாயங்காலம் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இப்ப உங்க வீட்ல பழுத்திருக்கா?" என்று கேட்டார். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஒன்றை எடுத்துச் சுவர் மேல் வைத்தேன்.