கடலை நாம்தான் கூப்பிட்டோம்
"கடல் வந்து கிணற்றைக் கெடுத்துவிட்டது" என்கிறோம். இல்லை. நாம்தான் கடலைக் கூப்பிட்டோம்.

காத்தான்குடி முதல் அக்கரைப்பற்று வரை கரையோர ஊர்கள் மணலில் இருக்கின்றன. மணலில் இறங்கும் மழைநீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கணக்குப்படி கீழே 40 மீற்றர் வரை உப்பை அமுக்கி வைத்திருக்கும். மோட்டார் போட்டு மேலே கொஞ்சம் குறைத்தால், கீழே உப்பு பல மடங்கு ஏறும்.

நாம் என்ன செய்கிறோம்? வளவு முழுக்கக் கல் பதிக்கிறோம். மாரி மழையில் கூரைத் தண்ணீரைப் பீலி வைத்து வடிகானுக்கு அனுப்புகிறோம். கிணற்றடியிலேயே மலசலகூடக் குழி வெட்டுகிறோம். பிறகு "பெரிய திட்டம் வேண்டும்" என்று அரசியல்வாதியின் வாசலில் நிற்கிறோம்.

நபி (ஸல்) அவர்கள் வுழூ செய்தது இரு கை நிறைய அள்ளும் ஒரு 'முத்' அளவு தண்ணீரில். ஒரு லீற்றர்கூட இல்லை. நாமோ பைப்பைத் திறந்துவிட்டுக் கதை பேசுகிறோம். சவர்க்காரம் படாத அந்தத் தண்ணீரும் வடிகானுக்கே போகிறது.

பள்ளி நிர்வாகிகளே, பயானில் சொன்னது போதும். கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி ஒரு ஊறுகுழி வெட்டுங்கள். கூரைத் தண்ணீரையும் வுழூத் தண்ணீரையும் அதில் விடுங்கள். மாரிக்கு முன் வெட்டுங்கள். ஊர் பார்த்துப் படிக்கும்.